ஆவணப்படம்: சொல்லும் அதன் வேரும்

டாகுமெண்டரி என்று பேச்சில் வழங்கும் திரைவகைக்குத் தமிழில் விவரணப்படம், ஆவணப்படம் என இரு பெயர்கள் உண்டு. முன்னதை இன்றும் சிலர் எழுதுகிறார்கள். பின்னது பரவலாக நிலைபெற்றுவிட்டது. அதுவே பொருத்தம் என்பேன். விவரிப்பது கதைப்படமும் செய்யக்கூடிய வேலை. சான்றாக நிற்பதுதான் இந்த வகையின் தனி இயல்பு.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். கற்பித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்து, பாடம், சான்று என்ற இரு பொருளையும் தந்த சொல் அது. பயணப் படங்களைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் அதை முன்பே பயன்படுத்தினர். 1926 பிப்ரவரியில், ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி சமோவாவில் எடுத்த 'மோவானா' படத்துக்கு மதிப்புரை எழுதிய ஜான் கிரியர்சன், அதற்கு ஆவண மதிப்பு உண்டு என்றார். அதன் பிறகே ஆங்கிலத்தில் அது ஒரு திரைவகையின் பெயராக ஊன்றியது. உண்மை நிகழ்வைப் படைப்பாற்றலோடு கையாளுதல் என்பது பின்னாளில் அவரே தந்த வரையறை. எதை முதலில் வைப்பது, யாரைப் பேசவிடுவது, எங்கே மௌனம் காப்பது என்ற தேர்வுகளில்தான் இந்தக் கலை இருக்கிறது. ரசிகர் கண் வைக்க வேண்டிய இடமும் அதுவே.

தமிழில் 'ஆவணம்' மிகப் பழைய சொல். கடைத்தெரு என்ற பொருளும் அதற்கு உண்டு. நமக்கு வேண்டியது எழுத்துச் சான்று என்ற மற்றப் பொருள். கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து உடைத்து ஓலையை எடுப்போரை அகநானூற்றின் 77ஆம் பாட்டு 'ஆவண மாக்கள்' என்கிறது. சோழர் கல்வெட்டுகளில், ஆவணங்களைப் பதியும் இடமான 'ஆவணக்களரி' வருகிறது.

எல்லாவற்றையும்விட வளமான சான்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரரைத் தம் அடிமை என்று சொல்லி ஓலையோடு வருகிறார் முதியவர். சுந்தரர் ஓலையைக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பில்', அதாவது பாதுகாப்பான வைப்பிடத்தில் இருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். மூலம், படி, காப்பிடம், ஒப்புநோக்கு என ஒரு காப்பகத்தின் அடிப்படை அனைத்தும் அந்த ஒரு வழக்கில் அடங்கிவிடுகிறது.

தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் அந்த அரண் வாய்க்கவில்லை. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ நாடா 1956இல் வந்தது. விலை அதிகம், ஆனால் அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். ஒளிபரப்பானதும் பல நிலையங்கள் அதைத்தான் செய்தன. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1960களின் பல பகுதிகள் இப்படியே போயின. அவற்றுள் 9 பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு ஒளிபரப்புக்காக அனுப்பிய படச்சுருள்கள் அவை. 1969இல் நிலவிலிருந்து நேரடியாக வந்த காட்சிகளின் மூல நாடாக்களை அழித்து மறுபதிவுக்குப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று நாசா 2009இல் தெரிவித்தது. இன்று நாம் காண்பது ஒளிபரப்பின் படிகளைச் சீர்செய்த வடிவம். சுந்தரர் வழக்கில் படியோலை போய் மூலவோலை எஞ்சியது; இங்கோ மூலவோலை போய்ப் படியோலைதான் எஞ்சியது. மனிதகுலம் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சிக்கே இந்தக் கதி என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பிரான்ஸ் 1975இலேயே இதற்கெனத் தனி நிறுவனத்தை இயங்கச் செய்து, 1992இல் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளைக் காப்பில் ஒப்படைப்பதைச் சட்டமாக்கியது. காந்தியைப் பற்றி 1940இல் தமிழில் படம் தந்த ஏ.கே. செட்டியார் பல நாடுகளுக்கு அலைந்து துண்டுப் படங்களைச் சேகரிக்க வேண்டியிருந்தது. பழைய காட்சிகள் ஓரிடத்தில் தொகுக்கப்படாத காலத்தில் இயக்குநரே காப்பாளராகவும் ஆக வேண்டியிருந்தது.

ஆர்க்கைவ் என்பது கிரேக்கத்தில் ஆட்சியாளரின் அலுவலகத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ஆவணக் காப்பகம் என்ற பெயர் அரசு வழக்கிலேயே இருப்பதால், தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு ஆவணக் காப்பகம் என்று சொல்லலாம். ஃபுட்டேஜ் என்பதற்குக் காட்சிப்பதிவு போதும். மாஸ்டர், காப்பி என்று எழுதும் இடங்களில் மூலப்பதிவு, படி என எழுதலாம். இரண்டும் சேக்கிழார் கையாண்ட சொற்களின் வழிவந்தவை.