துடிப்பு நின்றால் சர்வர் போய்விட்டதா?

கிளாம்பாக்கத்திலிருந்து மதுரை செல்லும் பஸ்ஸில் 14ஆம் எண் இருக்கை ஒன்றுதான். அதை இரண்டு சர்வர்கள் இரண்டு பேருக்கு விற்றுவிட்டால்? மாற்று சர்வர் வைத்து இயங்கும் சேவைகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். சேவை பத்து நிமிடம் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளலாம். தரவு இரண்டாகப் பிரிந்தால் சீர்செய்ய நாள்கணக்காகும்.

ஒரே சேவைக்காகச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். அதில் உள்ள சர்வர்கள் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இதுதான் துடிப்பு. லினக்ஸில் இதைக் கோரோசிங்க் என்ற மென்பொருள் கவனிக்கிறது. எந்தச் சேவை எங்கே ஓட வேண்டும் என்பதைப் பேஸ்மேக்கர் என்ற மென்பொருள் தீர்மானிக்கிறது. சில விநாடிகள் துடிப்பு வரவில்லையென்றால் மாற்று சர்வர் சேவையைத் தொடங்கி, பயனர்கள் வந்துசேரும் பொது ஐபி முகவரியையும் எடுத்துக்கொள்ளும். இதை அமைப்பது எளிது.

ஆனால் துடிப்பு வராததற்கு சர்வர் பழுதானதும் காரணமாகலாம், நடுவில் கேபிள் அறுந்ததும் காரணமாகலாம். மறுமுனையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது மரங்களோடு இணைய இணைப்புகளும் அறுந்தன. அம்பத்தூரில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று என சர்வர் வைத்திருந்தால், அப்படிப்பட்ட நாளில் இரண்டுமே நலமாக இருந்துகொண்டு, மற்றது போய்விட்டதென்று முடிவுகட்டும். இரண்டும் டிக்கெட் விற்கும்.

அதனால்தான் மூன்றாவது வாக்கு தேவைப்படுகிறது. கோயம்புத்தூர் போல வேறு ஊரில், வாக்களிக்க மட்டும் ஒரு சிறிய இயந்திரம் போதும். மூன்றில் இரண்டு வாக்கு கிடைக்காத பக்கம் சேவையை நிறுத்திவிட வேண்டும். ஆனால் அரை நிமிடம் உறைந்துபோய் மீண்டும் விழித்த சர்வருக்குத் தன் பதவி போனது தெரியாது. விட்ட இடத்திலிருந்து தரவை எழுதத் தொடங்கும். ஆகவே அதன் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். இதுதான் ஃபென்சிங். ஒரே அறையில் இருந்தால், சர்வரை வெளியிலிருந்தே அணைக்க உதவும் மேலாண்மை போர்ட் வழியாக அதை அணைத்து, அணைந்தது உறுதியான பிறகே மாற்று சர்வர் பொறுப்பேற்கும். அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் இடையே இணைப்பே அறுந்திருந்தால் அந்தக் கட்டளை போய்ச்சேராது. அங்கே ஒவ்வொரு சர்வரிலும் வாட்ச்டாக் என்ற வன்பொருள் டைமர் வேண்டும். பெரும்பான்மை இழந்த சர்வரையும் உறைந்துபோன சர்வரையும் அதுவே ரீபூட் செய்துவிடும். மறுபக்கம் அந்த டைமரின் நேரம் கழியும்வரை காத்திருக்கும்.

ஃபென்சிங் சிரமம் என்று அதை முடக்கிவைப்பவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சோதிக்கும்போதும் முறையாக ஷட்டவுன் செய்து பார்த்தால் போதாது. அப்போது சர்வர் சொல்லிக்கொண்டுதான் விலகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.