கே.ஐ.67: பெருக்கக்குறி

மார்பகப் புற்றுநோயாளியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘கே.ஐ.67: 30%’ என்பது போல ஒரு வரி இருக்கும். நோய் உடம்பில் 30% பரவிவிட்டது என்று எண்ணி வீட்டார் கலங்கிப்போவார்கள். அதற்குப் பொருள் அதுவன்று.

பெயரில் இருப்பது ஊர். ஜெர்மனியின் துறைமுக நகரமான கீலின் (Kiel) முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் அவை. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றணுக்களின் உட்கருக்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, ஆய்வாளர் யோஹன்னஸ் கெர்டெஸ் குழுவினர் அங்கே எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உருவாக்கினார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் 67ஆம் குழியில் கிடைத்தது இது. 1983இல் அதைப் பற்றி எழுதினார்கள். அது பற்றிக்கொள்ளும் புரதத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஊரை நினைத்தால் ‘கீ-67’ என்பதே பொருத்தம். நம் மருத்துவமனைகளில் ‘கே.ஐ.’ என்று எழுத்தெழுத்தாகவே சொல்கிறார்கள்.

பிளவுபட ஆயத்தமாகும் செல்லின் உட்கருவில் இப்புரதம் தோன்றும். ஓய்ந்திருக்கும் செல்லில் இராது. சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் பெருகும் செல்களின் உட்கரு பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். 100 புற்றணுக்களில் 30 பழுப்பாக இருந்தால் 30%. அவ்வளவுதான்.

நோயின் நிலையைக் காட்டும் இத்தகைய பயோமார்க்கர்களுக்கு உயிர்க்குறி, உயிரியல் குறிப்பான் என்ற சொற்கள் வழங்குகின்றன. ‘குறி’ நமக்குப் பழகிய சொல். நோயின் அடையாளங்களைச் சித்த மருத்துவம் ‘குறிகுணம்’ என்றே சொல்கிறது. கே.ஐ.67ஐ ‘வளர்ச்சிக்குறி’ எனலாமா? கூடாது. வளர்ச்சி என்றால் கட்டியின் அளவு என்றே மனத்தில் படும். இங்கே கூடுவது எண்ணிக்கை: ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது. கணக்கில் பெருக்கல் என்கிறோம், ஆற்றில் வெள்ளப்பெருக்கு என்கிறோம். அதே வேரிலிருந்து வரும் ‘பெருக்கக்குறி’தான் சரியான சொல்.

எண் உயர்ந்தால் நோய் விரைந்து முன்னேறக்கூடும் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து நோய்ப்போக்கை முடிவுசெய்வதில்லை; ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம், கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளின் நிலை ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத ஆரம்பநிலை நோயில் 5%க்கு மேற்படாத எண்ணையும் 30%க்குக் குறையாத எண்ணையும் நம்பலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2021இல் சொன்னது. இடைப்பட்ட எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறக்கூடியவை.

அறிக்கையில் ‘பெருக்கக்குறி: 100 புற்றணுக்களில் 30’ என்று அச்சிட்டால் ஒரு வரிதான் ஆகும்.