ஆயில் பிரஷர் குறைந்தால் உடனே வாஷரில் கை வைக்காதீர்கள்

செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தில் ஆயில் பிரஷர் கேஜின் பச்சைப் பட்டை (சரியான அளவு) 50 பி.எஸ்.ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) தொடங்கி 90இல் முடிகிறது. ஐடிலில், அதாவது எஞ்சின் மெல்லச் சுற்றும்போது, 20 வரை இறங்கலாம். மேலே 115இல் சிவப்புக் கோடு. இந்த எண்களைப் பயிற்சி மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். முள் பச்சைக்குக் கீழே போனால் என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஹேங்கரில் எங்கள் மெக்கானிக்குகளிலேயே பலர், முள் இறங்கியது என்றதும் ஸ்பேனரோடு நேராக ரிலீஃப் வால்வுக்குத்தான் போகிறார்கள்.

அந்த வால்வ் செய்யும் வேலை எளிது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கியர் பம்ப் தேவைக்கு மேலேயே ஆயிலைத் தள்ளும். குக்கர் வெயிட் மாதிரி, ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் குண்டு, அளவு மீறியதும் எழும்பி மிச்ச ஆயிலை ஸம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திருப்பி விடும். இந்த விமானத்தில் உள்ள லைகமிங் நிறுவன எஞ்சின்களில் சில மாடல்களில் நட்டைத் திருகி இந்த அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். மற்றவற்றில் அதைக் கூட்ட ஸ்பிரிங்கின் பின்னால் வாஷர் சேர்ப்பார்கள்.

இங்கேதான் பலர் யோசிக்கத் தவறுகிறார்கள். சூடான எஞ்சின் ஐடிலில் 20, 25 காட்டும்போது அந்தக் குண்டு ஏற்கெனவே முழுசாக மூடித்தான் இருக்கும். மூடியிருக்கும் கதவை இன்னும் எவ்வளவு அழுத்தினாலும் பிரஷர் கூடப் போவதில்லை. அப்படியும் குறைகிறது என்றால், ஒன்று குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் கார்பன் துகளோ உலோகத் தூளோ சிக்கியிருக்கிறது. இல்லையென்றால் ஆயில் வேறு வழியாக ஒழுகி ஓடுகிறது, பெரும்பாலும் தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளி வழியாக.

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வால்வில் தூசி என்றால் எந்த ஆர்.பி.எம்மிலும் (எஞ்சின் சுற்றும் வேகம்) பிரஷர் குறைவாக இருக்கும், முள் நிலையில்லாமல் ஆடும், நேற்று வரை நன்றாக இருந்தது இன்று கெடும். பேரிங் தேய்மானம் அப்படி வராது. குளிர்ந்த எஞ்சினில் எல்லாம் சரியாக இருக்கும். அரை மணி பறந்து இறங்கி ஐடிலில் நிற்கும்போது மட்டும் முள் தொய்ந்துபோகும். மாதத்துக்கு மாதம் இன்னும் கொஞ்சம் தொய்யும்.

எங்களிடம் வந்த ஒரு 172இல் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வாஷர் சேர்த்திருந்தார்கள். லாக் புக்கில் ஒவ்வொரு முறையும் ‘பிரஷர் சரிசெய்யப்பட்டது’ என்று அழகாக எழுதியிருந்தது. க்ரூஸில், அதாவது மேலே சீராகப் பறக்கும்போது, முள் பச்சைக்குள் வந்துவிட்டது, அப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தோம்: காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பான துகள்கள். எஞ்சின் பிரித்தெடுக்கப் போனது. ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது பதினைந்து நிமிட வேலை. முன்பே யாராவது செய்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். 50 மணி நேரத்துக்கோ நான்கு மாதத்துக்கோ ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறது லைகமிங். மாற்றினால் மட்டும் போதாது, கழற்றியதை வெட்டிப் பாருங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், கேஜ் உண்மை சொல்கிறதா என்று தெரிய வேண்டும். எஞ்சினில் நேரடியாக ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான முறை. மின் சென்சார் உள்ள விமானங்களில், முள் 70இலிருந்து பூஜ்யத்துக்கும் உடனே திரும்பவும் குதித்தால், கனெக்டரையும் கிரவுண்டையும் முதலில் பார்ப்பேன். உண்மையான பிரஷர் ஆர்.பி.எம்மையும் சூட்டையும் ஒட்டித்தான் ஏறி இறங்கும். 172எஸ்ஸில் இன்னொரு சாட்சியும் உண்டு. கேஜுக்குச் சம்பந்தமில்லாத தனி பிரஷர் சுவிட்ச் ஒன்று, 20 பி.எஸ்.ஐக்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கைப் போடும். எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டரை ஓட்டுவதும் அதே சுவிட்ச்தான். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது, விளக்கு எரியவில்லை, ஹாப்ஸ் ஓடுகிறது என்றால் சந்தேகம் சென்சார் பக்கம் போகும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு வரும் பிரச்சினைகளில் மோசமானது, பழைய கேஸ்கெட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிடுவது. தரையில் ஓட்டிப் பார்க்கும்போது தாங்கும், மேலே போனதும் பிதுங்கி ஆயிலைக் கொட்டலாம். பழைய ஃபில்டரில் கேஸ்கெட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே புதிதை எடுங்கள். நாள் கணக்கில் நின்ற விமானம், கிரேடு மாறிய ஆயில், பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் ஸ்கிரீன் (சல்லடை) வழியாகக் காற்று இழுப்பது, பிரஷர் குறையும் காரணங்களில் இவையும் உண்டு. டிப்ஸ்டிக்கைச் சொல்லவே வேண்டாம்: 172எஸ்ஸில் 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் பறக்கக் கூடாது.

ஸ்டார்ட் செய்து 30 விநாடிக்குள் முள் அசையவில்லையா, அணைத்துவிடுங்கள். கடுங்குளிரில் மட்டும் அதைப்போல் இரு மடங்கு பொறுக்கலாம். நம் ஊர் வெயிலில் அந்தச் சலுகை கிடையாது.

பறக்கும்போது கேஜ் பொய் சொல்கிறதா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம், அது எங்கள் வேலை. பிரஷர் குறைந்து ஆயில் டெம்பரேச்சர் வழக்கம்போல இருந்தால் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்குங்கள். பிரஷர் போய் டெம்பரேச்சரும் ஏறினால் எஞ்சின் எந்த நேரமும் நின்றுவிடலாம். பவரைக் குறைத்து, இறங்க ஒரு வயலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெம்பரேச்சர் ஏறவில்லையே என்று முழுசாக நம்பவும் வேண்டாம். ஆயில் மொத்தமும் வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொட ஆயிலே இருக்காது, அப்புறம் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இறங்கியதும், கோளாறுகளை எழுதி வைக்கும் ஸ்நாக் புத்தகத்தில் ‘ஆயில் பிரஷர் குறைவு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். பிரஷர் எவ்வளவு, அப்போது ஆர்.பி.எம் எவ்வளவு, டெம்பரேச்சர் எவ்வளவு, முள் மெல்ல இறங்கியதா குதித்ததா, விளக்கு எரிந்ததா? இவ்வளவும் இருந்தால் கவ்லிங்கை (எஞ்சின் மூடி) திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்.