தொற்றிவந்த நத்தை

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் 'ஹிட்ச்ஹைக்கர்'. நாம் காசு கொடுத்து வாங்காமலே, 'லைவ் ராக்' என்று விற்கப்படும் பாறைத் துண்டின் பொந்திலோ பவளத்தின் அடியிலோ ஒளிந்திருந்து தொட்டிக்குள் வந்துவிடும் உயிர் எதற்கும் இதுதான் பெயர். புழுவும் வரும், நண்டும் வரும். அரிசி அளவு நத்தைகளும் வரும்.

ஆங்கிலத்தில் 'ஹிட்ச்' என்றால் மாட்டிக்கொள்வது, 'ஹைக்' என்றால் நெடுந்தூரம் நடப்பது. இரண்டும் ஒட்டி 1920களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. சாலையோரம் கட்டைவிரலை நீட்டி, போகிற காரில் ஓசியில் ஏறிக்கொள்பவரைக் குறித்தது. நத்தை யாரிடமும் விரலை நீட்டவில்லை. அதன் வீட்டையே நாம் பெயர்த்து வந்தோம் என்பது வேறு விஷயம்.

தமிழில் 'ஒட்டுநத்தை' என்று எழுதக் கை போகும். எழுதினால் 'ஒட்டுண்ணி' நினைவுக்கு வந்துவிடும். 'தொற்றுநத்தை' என்றால் நோய் பரப்புவது போலிருக்கும். ஆனால் 'பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தான்' என்னும்போது அந்தக் கறை இல்லை. ஆகவே 'தொற்றிவந்த நத்தை' என்பதே என் தேர்வு.

இவ்வளவு கறார் எதற்கு? பெயரிலேயே குற்றம் சாட்டினால் கை இடுக்கியைத் தேடும். என் முதல் தொட்டியில் ஓர் இரவு டார்ச் அடித்தபோது, முதுகில் காதுமடல் போன்ற தட்டையான ஓட்டுடன் கறுப்பாக ஒன்று கண்ணாடியில் ஓடியது. இடுக்கியால் பிடித்தேன். பல்லி வால் போல அதன் பின்பகுதி கழன்று துடித்தது. அருவருத்து எறிந்துவிட்டேன். அது ஸ்டொமாடெல்லா, பாசி மேயும் சாது. கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். ஓட்டின் வாய் அகலமாக இருப்பதற்குப் பொருந்துகிற பெயர். அந்த ஓட்டுக்குள் முழு உடலையும் இழுத்துக்கொள்ள முடியாததால்தான் வாலைக் கொடுத்துத் தப்பப் பார்க்கிறது.

ஒட்டுண்ணி என்ற சொல் உண்மையில் பொருந்துவது பிரமிடெல்லிட் என்ற நத்தை வகைக்கு. வெள்ளையாக, கூர்நுனியுடன், சில மில்லிமீட்டர் நீளத்தில் அரிசி போலவே இருக்கும். இரவில் பெருஞ்சிப்பியின் விளிம்பில் கூடி, உறிஞ்சுகுழலைச் செருகிச் சாறு குடிக்கும். உருண்டையாக, முழு வளர்ச்சியிலும் பட்டாணியைத் தாண்டாதது கொலோனிஸ்டா. டர்போ நத்தையின் குட்டி என்று பலரும் ஏமாறுவது இதைப் பார்த்துத்தான். ஓட்டு வாயின் விளிம்பில் பள்ளம் விழுந்து, அதன் வழியே தும்பிக்கை போலக் குழல் நீண்டால் இறைச்சி தின்னியாக இருக்கலாம். செரித் நத்தைக்கும் சிறு பள்ளம் உண்டு, அது பாசிதான் தின்னும்.

நத்தைக்கும் சங்குக்கும் பொதுவான பழஞ்சொல் 'நந்து'. 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்று தொடு உணர்வும் சுவையும் மட்டும் தருகிறது தொல்காப்பியம். மணலுக்குள் புதைந்திருக்கும் நசாரியஸ், தொட்டியில் ஒரு இறால் துண்டு விழுந்ததும் குழலை நீட்டி மோப்பம் பிடித்து எழுந்து வருவதைப் பார்த்தால், மூன்றாம் அறிவான முகர்தலையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.