வானம் தோண்டுவதற்கு முன் புல வரைபடத்தைப் பாருங்கள்

கிராமங்களில் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டு, ஊராட்சியின் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பது என் தொழில். சிவகங்கை, மதுரை மாவட்டங்களில்தான் பெரும்பாலான வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் பூமி பூஜை போட்டு, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, கம்பியும் இறக்கிய பிறகே வருகிறார்கள். "பிளான் மட்டும் போட்டுக் கொடுங்கள் சார்" என்பார்கள். அனுமதி என்பது பிளானில் தொடங்குவதில்லை, நிலத்தில் தொடங்குகிறது என்பதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கும்.

ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். 2018இல் ஐந்து சென்ட் வாங்கியிருந்தார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது சார், தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று ஒரு தாளை நீட்டினார். வங்கியில் கடன் கேட்டபோது அங்கீகாரம் பெற்ற வரைபடம் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருடைய பத்திரத்தை வாங்கிச் சொத்து விவரத்தைப் படித்தேன். அதில் 'மனை' என்ற சொல்லே இல்லை. புஞ்சை நிலத்தில் ஐந்து சென்ட் என்றுதான் எழுதியிருந்தது. அவர்கள் வாங்கியது வீட்டுமனை; பதிவானது விவசாய நிலம்.

இது எப்படி நடக்கிறது? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு, அத்தகைய மனைகளைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20 என்ற தேதியைக் கோடாக வைத்தது. அதற்கு முன் மனையாகப் பதிவானவற்றைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த வழி கிடைத்தது. அதற்குப் பிறகு விற்க நினைத்த சிலர், கல் ஊன்றி மனையாகக் காட்டிவிட்டுப் பத்திரத்தில் நிலமாக எழுதி விற்றார்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து இதைச் சரிசெய்யாது. ஒரு மனையில் வீடு கட்ட ஊராட்சி அனுமதி கொடுக்கலாம். ஆனால் ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று விளம்பரத்தில் பார்த்தால், இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய நத்தம் குடியிருப்பில், அதாவது ஊர் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அங்கே பார்க்க வேண்டியது, கையில் இருப்பது தோராயப் பட்டாவா (தற்காலிகமானது), தூய பட்டாவா (இறுதியானது) என்பதைத்தான்.

அடுத்தது புல வரைபடம், அதாவது ஒரு புல எண்ணுக்குரிய நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசின் நில அளவை வரைபடம். பட்டாவைப் பார்க்கிறவர்கள் ஏராளம். புல வரைபடத்தை விரித்துப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் பார்த்துவிடலாம். தொழிலுக்கு வந்த புதிதில் பத்திரத்தில் இருந்த அளவை மட்டும் நம்பி நான் ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டேன். இடத்தை நேரில் பார்த்தேன், சமதளமாக இருந்தது, சுற்றிலும் கருவேல மரங்கள். வீடு எழும்பி மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் கண்மாய்க்குப் போகும் தண்ணீர் அந்த வீட்டின் அடுப்படி வழியாகப் போனது. பிறகுதான் புல வரைபடத்தை எடுத்தேன். மனையின் மேற்கு ஓரத்தில் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால்) தெளிவாக வரையப்பட்டிருந்தது. பல வருடம் மழை இல்லாததால் தூர்ந்துபோய் மனிதர்களின் கண்ணுக்கு மறைந்திருந்தது. தண்ணீருக்கு வழி மறக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த பிழை அது. அன்றிலிருந்து புல வரைபடம் இல்லாமல் பென்சிலைக் கையில் எடுப்பதில்லை.

கண்மாய், ஊருணி, ஓடை, வரத்துக்கால், வண்டிப்பாதை எதுவாக இருந்தாலும் புறம்போக்கு புறம்போக்குதான். அதில் கட்டியதற்கு வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது என்பதெல்லாம் உரிமையாகிவிடாது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அது தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். அண்ணன் தம்பி நால்வர் பெயரும் ஒரே பட்டாவில் இருந்து, நிலம் உட்பிரிவு ஆகாமல் இருந்தால், உங்கள் பங்கு எந்த மூலை என்று எந்த ஆவணமும் சொல்லாது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட வரப்பை நம்பி வீடு கட்டி, பிறகு உறவே முறிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நில அளவர் வந்து உட்பிரிவு செய்து முடிக்கும்வரை காத்திருங்கள். நஞ்சையாக இருந்தால் நிலப்பயன்பாட்டு மாற்றம் என்ற இன்னொரு படியும் உண்டு. அது எளிதில் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து.

நிலம் சுத்தமாக இருந்தால் மற்றதெல்லாம் இப்போது சுலபம். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ முதல் தளத்தோடு சேர்த்தோ கட்டும் குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே கள ஆய்வுக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் கவனம் கூடுதலாக வேண்டும் என்கிறேன். முன்பு அலுவலர் கண்ணில் பட்டுத் திரும்பி வந்த பிழைகள் இப்போது உங்கள் கையெழுத்தோடு உள்ளே போய்விடுகின்றன. தவறான தகவல் என்று பின்னால் தெரிந்தால் பொறுப்பு உங்களுடையது. கட்டுமானச் செலவு சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டினால் தொழிலாளர் நலநிதிக்கும் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காத, ஆனால் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு: கழிவுநீர்த் தொட்டி. அதன் உறிஞ்சுகுழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 59 அடி தள்ளியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஐந்து சென்ட் மனை என்பது சுமார் 36க்கு 60 அடி. மூலைக்கு மூலை அளந்தால்தான் அந்த இடைவெளி தேறும். நம் ஊரில் போர் (ஆழ்துளைக் கிணறு) ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், கழிவுநீர்த் தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில் என்று வாஸ்து பார்த்து வைக்கிறோம். உங்கள் வாயு மூலையை ஒட்டி இருப்பது எது தெரியுமா? மேற்கு வீட்டுக்காரரின் ஈசானி மூலை. அவருடைய போர் அங்கேதான் இருக்கும். ஒரு தெருவில் எல்லோரும் இப்படிக் கட்டினால், ஒவ்வொருவர் கழிவும் பக்கத்து வீட்டுக் குடிநீரின் அருகில் இறங்குகிறது. வரைபடம் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய், "உங்கள் போர் எங்கே இருக்கிறது அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் வரைபடங்களில் பக்கத்து மனைகளின் போரையும் நான் குறித்துவிடுகிறேன். விண்ணப்பத்தில் அதைக் கேட்பதில்லை, ஆனாலும் குறிக்கிறேன்.

ஷார்ஜாக்காரர் வீட்டு வானத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது. கம்பியை வாங்கிய விலைக்கும் கீழே விற்றுவிட்டார்கள். கடந்த மாதம் அதே ஊரிலிருந்து இன்னொருவர் வந்தார். முன்பணம் கொடுக்கவில்லை, தரகரிடம் புல எண்ணை மட்டும் வாங்கித் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இணையத்தில் வரைபடத்தை எடுத்தோம். இடத்தின் குறுக்கே ஓடை போகிறது. அவருக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.