அரங்கியல்: தியேட்டரில் என்ன படிப்பு?

விடுமுறைக்குத் தேவிபட்டினம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தாள் அண்ணன் மகள். சென்னையில் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. என்னென்ன பாடம் என்று அம்மா கேட்க, இங்கிலீஷ், எக்கனாமிக்ஸ் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் "தியேட்டர்" என்றாள்.

"தியேட்டர்ல என்னத்தா படிப்பு? டிக்கெட் கிழிக்கவா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ராமநாதபுரம் கரையில் தியேட்டர் என்றால் படம் ஓடும் கட்டடம். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தை யாரும் தியேட்டர் என்று சொன்னதில்லை. அது நாடகம்.

வேர்ச்சொல்லைப் பார்த்தால் அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. 'தியேட்டர்' கிரேக்கத்தின் 'தியாட்ரான்' என்பதிலிருந்து வந்தது. பார்க்கும் இடம் என்று பொருள். பார்ப்பவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு வைத்த பெயர், பிறகு மேடைக்கும் கலைக்கும் பரவியது. 'டிராமா' என்பது வேறு. செய்தல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. ஒன்று பார்ப்பது, மற்றொன்று செய்வது.

இரண்டுக்கும் 'நாடகம்' என்றே சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். தொல்காப்பியமே 'நாடக வழக்கு' என்கிறது. (நாடு + அகம் என்று பிரித்து விளக்குவது மேடைப் பேச்சுக்கு அழகு. சொல்லாராய்ச்சிக்கு உதவாது.) 1897இல் பரிதிமாற் கலைஞர் நாடக இலக்கணம் எழுதியபோது நூலுக்கு 'நாடகவியல்' என்றே பெயர் வைத்தார். ஆனால் நாடகம் என்றதும் கதையும் வசனமும்தான் முதலில் நினைவுக்கு வரும். மேடை அமைப்பு, ஒளி, ஒப்பனை, பார்வையாளர் எல்லாம் பின்னால் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "நாடகமாடாதே" என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். 'கூத்து' அதைவிடப் பழைய, அருமையான தமிழ்ச்சொல். 332ஆம் குறளில் செல்வம் வந்து போவதற்கு வள்ளுவர் காட்டும் உவமை கூத்தாட்டு அவைக்குக் கூடிக் கலையும் கூட்டம்தான். இன்று "என்ன கூத்து இது?" என்று திட்டத்தான் அந்தச் சொல் பயன்படுகிறது. 'கூத்தாடி' வசையாகவே ஆகிவிட்டது. அதைப் பாடத்தின் பெயராக மதிப்பெண் பட்டியலில் அச்சடித்தால், பல வீடுகளில் பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அதிகம் அழுக்குப் படாமல் தப்பித்த சொல் 'அரங்கு'. (கொலையும் கொள்ளையும் 'அரங்கேறியது' என்று எழுதும் செய்தித்தாள்கள் அதையும் விடவில்லை.) இதற்குப் பல பொருள். ஆற்றிடைத் தீவும் அரங்கம்தான்; திருவரங்கம் அப்படித்தான். 401ஆம் குறளில் வட்டு என்னும் காய் விளையாட்டுக்குக் கீறிய கட்டமும் அரங்கு. சுற்றி எல்லை கட்டி ஒதுக்கிய இடம் என்ற பொருளே இவை எல்லாவற்றுக்கும் பொது என்பது என் எண்ணம்.

மேடை என்ற பொருளில் இந்தச் சொல் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒன்று போதும். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். வாயில் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகள் மூன்று. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு. கதையும் வசனமும் இல்லாமலே இளங்கோ ஒரு மேடையை எழுப்பிவிடுகிறார். தியேட்டர் பாடத்தில் ஒளியமைப்பு என்று சொல்லித்தருவது இதைத்தானே?

அரங்கு + இயல் = அரங்கியல். இயற்பியல், பொருளியல் போலப் பாடத்துக்கேற்ற ஈறு. இதை நான் உருவாக்கவில்லை. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அந்தக் கரையில் பள்ளிப்பாடத்தின் பெயரே 'நாடகமும் அரங்கியலும்'. இலங்கையில் சாதாரண தரம், உயர்தரம் என்ற இரண்டு பொதுத்தேர்வுகளிலும் அதை எடுத்து எழுதலாம். மண்டபத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த நண்பர் ஒருவரிடம் தியேட்டருக்குத் தமிழில் என்ன என்று கேட்டபோது, யோசிக்காமல் இந்தப் பெயரைத்தான் சொன்னார். நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு 'உம்'மும் எனக்குப் பிடித்திருக்கிறது. செய்வதையும் பார்க்கும் இடத்தையும் தனித்தனியே நிறுத்திப் பக்கத்தில் உட்காரவைக்கிறது. முழுப்பெயருக்கு அதுவே சரி. சுருக்கமாகச் சொல்ல அரங்கியல் போதும். தியேட்டர் என்ற சொல் சினிமாக் கொட்டகைக்கே இருக்கட்டும், பாவம்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வள்ளி திருமணத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், திரை, விளக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது என்றேன்.

"அப்ப பபூனுக்கும் மார்க் உண்டா?"

"உண்டு, அப்பத்தா" என்றாள் அண்ணன் மகள்.