குட்டை பிர்ச் மரங்களும் சாமி மக்களின் பெரிய கத்தியும்

மணிக்கட்டுப் பருமன் உள்ள ஒரு பிர்ச் (குளிர்நாட்டு மரம்) கன்றை இடது கையால் உயரத்தில் பிடித்துத் தரையை நோக்கி நன்றாக வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில், மரம் விறைத்து நிற்கும் இடத்தில், கத்தியைச் சாய்வாக இறக்கினால் ஒரே வெட்டில், மிஞ்சிப் போனால் இரண்டில், கன்று சாய்ந்துவிடும். அதே கன்றை நேராக நிற்கவிட்டு நேர்குறுக்காக வெட்டிப் பாருங்கள், ஐந்தாறு வெட்டு விழுந்த பிறகும் அது நிற்கும், கத்தி மரத்துக்குள் சிக்கிக்கொண்டு இழுத்தாலும் வராது.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்க்கற்றை. வளைக்கும்போது வெளிப்பக்க நார்கள் எல்லாம் இழுபட்டு, அறுந்துபோகத் தயாராக நிற்கின்றன. முதல் வரிசை அறுந்ததும் அது தாங்கிய சுமை அடுத்த வரிசைக்குப் போகிறது, அதுவும் அறுகிறது, வெட்டுவாய் தானாகத் திறந்துகொண்டே போவதால் அலகை மரம் கவ்விப் பிடிக்க முடிவதில்லை. சாய்த்து வெட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நாரைக் குறுக்கே அறுக்கும் வேலையில் ஒரு பகுதி, நாருக்கும் நாருக்கும் நடுவே பிளக்கும் வேலையாக மாறிவிடுகிறது, பிளப்பது எப்போதுமே சுலபம். (இடது கை வெட்டுக்கு நன்றாக மேலே இருக்கட்டும், கால் கத்தி போகும் வழியில் இருக்கக் கூடாது. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.)

இந்த வெட்டுக்கென்றே பிறந்தது போன்ற கத்தி ஒன்று உண்டு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றின் வடபகுதியும் ரஷ்யாவின் கோலா தீபகற்பமும் சேர்ந்த சாப்மி என்ற நிலப்பரப்பில் வாழும் சாமி மக்களின் பெரிய கத்தி அது. வடசாமி மொழியில் ஸ்டுவோர்ராநீபி, 'பெரிய கத்தி' என்றுதான் அர்த்தம். பின்லாந்தில் லெவுகு என்பார்கள். கடைகளில் 'லாப் கத்தி' என்ற பெயரும் ஓடுகிறது, ஆனால் லாப் என்ற சொல்லை அந்த மக்கள் இழிசொல்லாகவே பார்க்கிறார்கள், அதனால் நான் அதைச் சொல்வதில்லை.

கோடரி இருக்க இவ்வளவு பெரிய கத்தி எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஊர் மரங்களே பதில். வடக்கே போகப் போக, மேட்டில் ஏற ஏற, பைன் காடு முடிந்து மலை பிர்ச் மட்டும் மிஞ்சுகிறது. குட்டையான, பல தண்டுகளாகக் கிளைத்த, கோணல்மாணலான மரம், பெரும்பாலும் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பருமன். துருவ மான் மந்தையோடு நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு லாவ்வு என்ற கூம்புக் கூடாரத்துக்குக் கம்பு வேண்டும், அடுப்புக்குச் சுள்ளி வேண்டும், தரையில் பரப்பக் கிளை வேண்டும், மான் எலும்பை உடைத்து மஜ்ஜை எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கோடரியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இடுப்பில் ஒரு நீளக் கத்தி தொங்குவது மேல். பெரிய அடிமரம் பிளக்க வேண்டிய காட்டுக்குப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் கோடரி வாங்குங்கள், லெவுகு அதற்கு மாற்று இல்லை.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பலரும் முதலில் பார்ப்பது தடிமன். நானும் அப்படித்தான் தொடங்கினேன், 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கத்தி வாங்கி ஒரு பருவம் முழுக்கத் தூக்கிச் சுமந்தேன். கிளையில் இறக்கினால் கொஞ்சம் போய் நின்றுவிடும், உள்ளே இறங்காது. காரணம் எளிது. கத்தி ஓர் ஆப்பு, உள்ளே போக வேண்டுமானால் தன் தடிமன் அளவுக்கு மரத்தை இரு பக்கமும் ஒதுக்கியாக வேண்டும், அதோடு அலகின் இரு பக்கங்களிலும் உராய்வு வேறு. ஒல்லி அலகுக்கு அந்தச் செலவு குறைவு, அதனால் அதே வீச்சில் ஆழமாகப் போகிறது. ஒல்லியாக இருந்தால் வளைந்துவிடாதா என்று பயம் வரும். ஒரு தகட்டின் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் கூடுகிறது. 3 மில்லிமீட்டரை 4 ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அகலமான அலகில் 3 முதல் 4 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும், 6 என்பது வீண் சுமை.

எடை விஷயத்திலும் இதே கதைதான். வீச்சின் ஆற்றல் எடை இரட்டித்தால் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். கையை ஓய்ந்துபோக வைக்காத லேசான கத்தியை வேகமாக வீச முடியும், நீளம் இருப்பதால் முனைப்பக்கம் பிடியைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும். வெட்டு விழ வேண்டிய இடம் முனை இல்லை, முனையிலிருந்து அலகின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி. அங்கே பட்டால் கையில் அதிர்வே தெரியாது, தள்ளிப் பட்டால் விரல்கள் விறுவிறுக்கும். கட்டையில் மெதுவாகத் தட்டித் தட்டி உங்கள் கத்தியின் அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். அலகு நீளம் என் கணக்கில் 20 முதல் 25 சென்டிமீட்டர். அதற்குக் கீழே போனால் வீச்சு இல்லை, மேலே போனால் உட்காரும்போதும் குனியும்போதும் தொல்லை.

அப்புறம் குளிர். எனக்கு இந்தக் கத்தியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பிடி முதல் எஃகு வரை எல்லாவற்றிலும் குளிரின் கை இருக்கிறது. சாமி மக்களின் முக்கிய ஊர்களில் ஒன்றான நார்வேயின் காராஸ்யோக்கில் 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி செல்சியஸ் பதிவானது, அந்த நாட்டில் பதிவானதிலேயே அதுதான் மிகக் குறைவு. அப்படிப்பட்ட குளிரில் எஃகின் முறுக்கு குறைந்து, அடி வாங்கினால் வளைவதற்குப் பதில் உடைந்து தெறிக்கும் குணம் கூடுகிறது. வெட்டப்படும் மரமும் உள்ளே இருக்கும் நீர் உறைந்து கல்லாகியிருக்கும், கணு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தக் கத்திக்குத் தோய்ச்சல் கொடுக்கும்போது, அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தும்போது, கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உடையாத தன்மையை வாங்குகிறார்கள். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை நல்லது. ஜப்பானிய சமையல் கத்திகளைப் போல 60க்கு மேலே போனது வேண்டாம், கூர் நாள்பட நிற்கும் என்றாலும் உறைந்த கணுவில் வாய் சில்லு சில்லாகப் பெயரும். மென்மையான வாய் அந்த இடத்தில் மடங்கும், மடங்கியதை ஒரு சின்னக் கல்லில் தீட்டி எடுத்துவிடலாம். கடுங்குளிரில் முதல் வெட்டுக்கு முன்னால் அலகைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடேற்றிக்கொள்வது நல்ல பழக்கம். நெருப்புக்குள் நீட்டிவிடாதீர்கள், 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் தோய்ச்சல் இறங்கத் தொடங்கிவிடும்.

எஃகு வகை பற்றி நிறைய விவாதிப்பார்கள், நான் அதில் நேரம் செலவிட மாட்டேன். சுமார் 0.8 சதவீதம் கார்பன் உள்ள 80சிஆர்வி2 போன்ற சாதாரண கார்பன் எஃகு இதற்குக் கச்சிதம். துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். கடலோரம் போகிறவர்கள் மட்டும் துருப்பிடிக்காத எஃகைப் பார்க்கலாம்.

பிடியைக் கையில் எடுங்கள். இரும்பு எங்காவது விரலில் படுகிறதா? நல்ல லெவுகுவில் படாது. அலகின் வால் மெல்லிய கம்பியாக மரப்பிடிக்குள்ளே ஓடி, கடைக்கோடியில் வெளிவந்து அடித்து மடக்கப்பட்டிருக்கும், பின்னால் ஒரு சின்ன உலோகப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டு இருந்தால் வால் பாதியில் நிற்கவில்லை என்று நம்பலாம். இருபுறமும் இரும்பு தெரியும் பிடிகள் உறுதிதான், ஆனால் எஃகு மரத்தைவிட 300 மடங்கு போல வேகமாக வெப்பத்தைக் கடத்தும், மைனஸ் முப்பதில் அது உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சிவிடும். பிர்ச் மரத்தில், அதிலும் சுருள் ரேகை ஓடும் பிர்ச்சில் செய்த பிடியோ, பிர்ச் பட்டையை அடுக்கி இறுக்கிய பிடியோ அப்படிச் சில்லிடாது. பிடியின் அடிப்பகுதி அகன்று விரிந்திருப்பதையும் பாருங்கள். தடித்த கையுறையோடு வீசும்போது கத்தி நழுவாமல் சுண்டுவிரலில் கொக்கி போட்டு நிற்பது அதில்தான். ஆகவே கடையில் சோதிக்கும்போது நீங்கள் போடப்போகும் கையுறையையே போட்டுப் பிடித்துப் பாருங்கள், வெறுங்கைக்குக் கச்சிதமாக இருப்பது கையுறைக்குள் சிறிதாகிவிடும்.

பெரிய கத்தியோடு ஒரு சின்னக் கத்தியும் இருந்தால்தான் வேலை முழுமை பெறும், சாமி மக்களும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவார்கள். மீன் அறுப்பது, தோல் உரிப்பது, சீவுவது எல்லாம் சின்னதன் பாடு. பெரியதை வைத்துச் சீவ முயன்றால் கை வலிக்கும், சின்னதை வைத்து வெட்ட முயன்றால் கத்தி கெடும்.

கடைசியாக உறை. பிடியில் பாதியை விழுங்கும் அளவுக்கு ஆழமான தோல் உறை, சிலவற்றில் கீழ்ப்பாதி துருவ மானின் கொம்பில் செய்தது. அந்தக் கொம்பில் தெற்கே பின்னல் கோலங்கள், வடக்கே பூவும் மானும் செதுக்கியிருப்பார்கள். சாமி கைவினைக்கு துவோட்யி என்று பெயர், அதற்கென ஒரு முத்திரையும் உண்டு, அந்த முத்திரை உள்ளதை வாங்கினால் பணம் அந்தக் கைகளுக்கே போகும். ஆழமான உறைக்குப் பட்டனோ வாரோ தேவையில்லை. தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள், கத்தி அசையக் கூடாது. பிறகு கையுறை போட்ட கையால் பிடியைப் பற்றி, கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றி ஒரு தள்ளு. அந்த ஒரு தள்ளிலேயே அது கையில் வந்து நிற்க வேண்டும்.